உலகுக்குத் திறந்த பந்தயம்

பிரிட்டன் தீவின் வடபால் அமைந்தது ஸ்காட்லாந்து நாடு. அதன் கடற்கரையை ஒட்டி மணல் மேடுகளும் பள்ளங்களும் நிறைந்த நிலம் நெடுகக் கிடக்கின்றது. அந்நிலம் ஏருக்கு இசையாதது. குறும்புல்லும் முட்செடியுமே அங்குத் தாமாக முளைப்பன. ஆடுகள் மேயவும் முயல்கள் வளை தோண்டவுமே அஃது உதவி வந்தது. உழவர் வேண்டாவென்று விட்ட அந்நிலத்திலேதான் கோல்ஃப் என்னும் ஆட்டம் வளர்ந்தது. மக்கள் வில்வித்தையை மறந்து இவ்வாட்டத்திலேயே பொழுதைக் கழிக்கின்றனர் என்று கருதி, அந்நாட்டு மன்றம் 1457ஆம் ஆண்டில் இதற்குத் தடை விதித்தது. தடைக்குப் பின்னரும் ஆட்டம் அழியவில்லை. ஒரு விளையாட்டின்பால் மக்கள் கொண்ட விருப்பத்தைச் சட்டத்தால் வேரறுக்க இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

ஆட்டத்தின் முறை எளியது. சிறியதொரு பந்தை நீண்ட கோலால் அடித்து, தொலைவில் உள்ள ஒரு குழியில் விழச் செய்தல் வேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குல அகலமே உடையது. இவ்வாறு அமைந்த பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிப்பது ஒரு சுற்று. யார் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கின்றாரோ அவரே வென்றவர். பிற ஆட்டங்களில் எதிரி முன்னே நிற்பான். இங்கோ கடற்காற்றும், மணற்குழியும், ஆடுவோன் உள்ளத்தில் எழும் பதற்றமுமே எதிரிகள். ஆதலின், கையின் வலிமையினும் மனத்தின் அமைதி இங்குப் பெரிதும் வேண்டப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாட்டத்தைச் சூழ்ந்து இருவகை மக்கள் வாழ்ந்தனர். செல்வர்கள் கழகங்கள் அமைத்து, மாளிகைகள் எழுப்பி, ஓய்வுப் பொழுதில் ஆடி மகிழ்ந்தனர். அவர்களைச் சார்ந்து பிழைத்தவர் ஏழை மக்கள். செல்வருடைய ஆட்டக்கோல்களைத் தோளில் சுமந்து உடன் செல்வதும், கோல் கடைவதும், பந்து செய்வதும், புல்தரையைப் பேணுவதும் இவர்களுடைய தொழில்கள். இளமை முதற்கொண்டு அம்மண்ணிலேயே உழன்ற இவர்களுட் பலர், தம்மை ஏவிய செல்வரைக் காட்டிலும் மிகச் சிறப்பாக ஆடவல்லவர் ஆயினர். பந்தயம் கட்டியும், பிறர்க்குக் கற்பித்தும் இவர்கள் பொருள் ஈட்டினர். தொழில்முறை ஆட்டக்காரர் என்னும் வகுப்பு இவ்வாறு தோன்றியது. இவர்களிடம் திறமை இருந்தது. மதிப்பு மட்டும் இல்லை.

இவர்களுள் தலைசிறந்தவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரினரான ஆலன் ராபர்ட்சன். பதப்படுத்திய தோலினுள் இறகுகளைத் திணித்துத் தைத்துப் பந்து செய்வது அவருடைய தொழில். நாளொன்றுக்குச் சில பந்துகளே செய்ய இயலுமாதலின் அவற்றின் விலை மிகுதி. 1848ஆம் ஆண்டளவில், கீழ்த்திசை நாட்டு மரத்தின் பாலிலிருந்து எடுக்கப்படும் கட்டாப்பர்ச்சா என்னும் பொருளால் பந்து செய்யும் முறை தோன்றியது. அப்பந்து மலிவானது, எளிதிற் சிதையாதது. தம் தொழில் கெடுமென்று ராபர்ட்சன் அதனை வெறுத்தார். அவரிடம் தொழில் பயின்ற டாம் மாரிஸ் என்பவரோ அதனைக் கொண்டு ஆடினார். அதனால் இருவரும் மனம் வேறுபட்டுப் பிரிந்தனர். 1851ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் மேலைக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட்விக் என்னும் ஊரில் ஒரு கழகம் தோன்றியது. டாம் மாரிஸ் அங்குச் சென்று, பன்னிரண்டு குழிகள் கொண்ட ஆடுகளம் ஒன்றை வகுத்து, அதன் காப்பாளராகவும் அமர்ந்தார்.

1859ஆம் ஆண்டில் ராபர்ட்சன் மறைந்தார். இனி ஆட்டத்தில் முதல்வர் யாவர் என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை காணப் பிரெஸ்ட்விக் கழகத்தார் ஒரு போட்டி நடத்தத் துணிந்தனர். நன்னடத்தை உடைய ஆட்டக்காரர்களை அனுப்புமாறு பிற கழகங்கட்கு மடல் விடுத்தனர். 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் எண்மர் திரண்டனர். பன்னிரண்டு குழிகளை மும்முறை சுற்றி, முப்பத்தாறு குழிகளையும் ஒரே நாளில் ஆடி முடித்தனர். ஏழைத் தொழிலாளர் அடிகளைக் குறைத்துக் கணக்குக் காட்டுவரோ என்னும் ஐயத்தால், ஒவ்வோர் இணையுடனும் கழகத்தார் ஒருவர் கணக்கு எழுதச் சென்றார். மசல்பரோ என்னும் ஊரினரான வில்லி பார்க் 174 அடிகளில் முடித்து வாகை சூடினார். டாம் மாரிஸ் இரண்டு அடிகள் மிகையாகப் பெற்று இரண்டாம் இடம் எய்தினார்.

வென்றவர்க்கு அளித்த பரிசு பணம் அன்று. வெள்ளிப் பூண் இட்ட செந்நிறத் தோற்கச்சை ஒன்றேயாம். அதனையும் ஓராண்டுக் காலமே வைத்திருக்கலாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெல்பவர்க்கே அஃது உரிமையாகும் என்று விதி வகுத்திருந்தனர்.

மறு ஆண்டில் ஒரு சிறந்த முடிவு பிறந்தது. இப்பந்தயம் தொழில்முறை ஆட்டக்காரர்க்கு மட்டும் உரியதன்று. உலகத்தார் அனைவர்க்கும் திறந்தது என்று 1861ஆம் ஆண்டில் பிரெஸ்ட்விக் கழகத்தார் அறிவித்தனர். அன்று தொட்டு இதனைத் 'திறந்த பந்தயம்' என்னும் பொருள்பட 'ஓப்பன்' என்றே வழங்கலாயினர். சொல் பெரிது. அச்சொல்லின் முழுப்பொருளும் செயலாவதற்கு எத்துணைக் காலம் பிடித்தது என்பதே இப்பந்தயத்தின் வரலாறு எனலாம்.

டாம் மாரிஸ் 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வென்றார். இறுதியாக வென்றபோது அவருக்கு வயது 46. அம்முதுமையில் வேறெவரும் இதுவரை இப்பந்தயத்தை வென்றாரல்லர். மறு ஆண்டு அவருடைய மகன் வென்றான். அவன் பெயரும் டாம் என்பதே. அப்போது வயது பதினேழு. அவ்விளமையிலும் வேறெவரும் வென்றதில்லை. தந்தை முதுமைக்கும் மகன் இளமைக்கும் எல்லை வகுத்தது வியப்பன்றோ? மகன் 1869, 1870 ஆகிய ஆண்டுகளிலும் வென்றான். மும்முறை தொடர்ந்து வென்றமையால் கச்சை அவனுக்கே உரியதாயிற்று.

பரிசுப்பொருள் போய்விட்டமையால் 1871ஆம் ஆண்டில் பந்தயம் நடைபெறவில்லை. பின்னர்ப் பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோ ஆகிய மூன்று ஊர்க் கழகத்தாரும் ஒன்றுகூடித் தலைக்குப் பத்துப் பவுன் ஈந்து, கிளாரட் என்னும் மதுவை வார்க்கும் கூசாவின் வடிவில் ஒரு வெள்ளிக் கலம் செய்வித்தனர். பந்தயத்தை மூன்று களங்களில் மாறி மாறி நடத்தவும் இசைந்தனர். 1872ஆம் ஆண்டில் பந்தயம் மீண்டும் தொடங்கிற்று. இளைய டாமே வென்றான். கலம் இன்னும் செய்து முடியாமையால் பதக்கம் ஒன்றே அவன் கைக்குக் கிட்டியது. ஆயினும் கலத்தில் பொறித்த முதற்பெயர் அவனுடையதே.

அப்புகழை நெடுங்காலம் நுகர அவன் வாழ்ந்தானல்லன். 1875ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவன் மனைவி மகப்பேற்றின்போது உயிர் நீத்தாள், குழந்தையும் பிழைக்கவில்லை. அத்துயரினின்றும் அவன் மீளவில்லை. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, தன் 24ஆம் வயதில் அவனும் இறந்தான். தந்தையோ அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, புல்தரை பேணும் தம் தொழிலைத் தொடர்ந்து செய்து, 1908ஆம் ஆண்டில் மறைந்தார்.

காலம் செல்லச் செல்லப் பந்தயம் பெருகியது. 1890ஆம் ஆண்டில் ஜான் பால் என்னும் ஆங்கிலேயர் வென்றார். ஸ்காட்லாந்தினர் அல்லாதார் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை. அவர் பொருள் கருதாது பொழுதுபோக்காக ஆடியவர். அத்தகையோர் வென்றதும் அதுவே முதன்முறை. 1892ஆம் ஆண்டு முதல் ஆட்டத்தின் அளவு எழுபத்திரண்டு குழிகளாக உயர்ந்தது. 1894ஆம் ஆண்டில் பந்தயம் ஸ்காட்லாந்தின் எல்லை கடந்து இங்கிலாந்தின் சாண்ட்விச் என்னும் ஊரில் நடைபெற்றது. 1907ஆம் ஆண்டில் ஆர்நோ மாசி என்னும் பிரெஞ்சுக்காரர் வென்றார்.

1894 முதல் 1914 வரை நிகழ்ந்த இருபத்தொரு பந்தயங்களுள் பதினாறனை மூவரே வென்றனர். ஹாரி வார்டன் ஆறு முறையும், ஜே. எச். டெய்லர், ஜேம்ஸ் பிரெய்டு ஆகிய இருவரும் ஐந்து முறையும் வாகை சூடினர். வார்டனின் ஆறு வெற்றிகளை விஞ்சியவர் இதுவரை எவரும் இலர். இம்மூவரும் எளிய குடியிற் பிறந்தவர்கள். வார்டன் தோட்டக்காரரின் மகன். பிரெய்டு தச்சுத் தொழில் பயின்றவர். டெய்லர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ராயல் நார்த் டெவன் கழகத்தின் களத்தில் செல்வருடைய கோல்களைச் சுமந்து வளர்ந்தவர்.

இத்துணைப் புகழ் பெற்றும் அவர்தம் நிலை யாது? ஆட்ட முடிவுகளை எழுதுங்கால், பொழுதுபோக்காக ஆடுவோர் பெயருக்கு முன்னர்த் 'திரு' என்னும் அடைமொழி இடுவர். தொழில்முறை ஆட்டக்காரர்க்கு வெறும் பெயரே. கழக மாளிகையின் தலைவாயில் வழியே அவர்கள் உட்புகலாகாது. வெற்றி பெற்ற களத்துக்கு அருகிலுள்ள மாளிகையில் அமர்ந்து உண்ணும் உரிமையும் அவர்கட்கு இல்லை. பந்தயம் உலகுக்குத் திறந்திருந்தது, கதவு மூடியிருந்தது.

இக்குறை நீங்க வேண்டுமாயின் ஆட்டக்காரர் ஒன்றுபடல் வேண்டுமென்று உணர்ந்தவர் டெய்லர். 1901ஆம் ஆண்டில் தொழில்முறை ஆட்டக்காரர்க்கென ஒரு சங்கம் பிரிட்டனில் தோன்றியது. டெய்லரே அதன் முதல் தலைவரானார். இளமையிலேயே பள்ளியை விட்டவராயினும், அவர் தாமே முயன்று கற்றுப் பேசவும் எழுதவும் வல்லவர் ஆயினார். தம் தொழிலினர்க்கு நேர்மையும் நன்னடையும் இன்றியமையாதன என்று அவர் வற்புறுத்தினார். மதிப்பைக் கேட்டுப் பெறுவதற்கு முன்னர் அதற்குத் தகுதி உடையவராதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

டெய்லர் பொறுமையால் அடைய முயன்றதனை, அமெரிக்க நாட்டு வால்டர் ஹேகன் துணிவால் அடைய முயன்றார். அவர் கொல்லரின் மகன். 1920ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டீல் என்னும் ஊரில் பந்தயம் நடந்தபோது அவர் முதன்முறையாக ஆட வந்தார். மாளிகையினுள் உடை மாற்ற அவர்க்கு இசைவு இல்லை என்றனர். ஹேகன் சினந்து பேசவில்லை. பெரிய மோட்டார் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, மாளிகையின் முகப்பிலேயே நிறுத்தி, அதனுள் உடை மாற்றி, அதிலேயே உணவும் கொண்டார். ஆட்டத்தில் அவர் ஐம்பதாம் இடத்துக்கும் பின்தங்கினார். எனினும் அவ்வண்டி நின்ற காட்சி கண்டோர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பாமல் இராது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்து இன்வர்னஸ் கழகத்தார், தம் நாட்டுப் பந்தயத்தின்போது தொழில்முறை ஆட்டக்காரர்க்கு மாளிகையைத் திறந்துவிட்டனர். அவ்வன்பிற்கு நன்றியாக ஆட்டக்காரர்கள் ஒரு பெரிய நின்ற கடிகாரத்தை அக்கழகத்துக்கு வழங்கினர்.

1922ஆம் ஆண்டில் ஹேகன் ஓப்பன் பந்தயத்தை வென்றார். அமெரிக்காவிற் பிறந்தவருள் அதனை முதலில் வென்றவர் அவரே. 1923ஆம் ஆண்டில் டிரூன் என்னும் களத்தில் ஓர் அடியில் வெற்றியை இழந்தார். பரிசளிப்புக்கு மாளிகையினுள் வருமாறு அவரை அழைத்தனர். ஆடும் நாளெல்லாம் மூடியிருந்த வாயில் அன்று மட்டும் திறந்ததனை அவர் ஏற்கவில்லை. கூடியிருந்த மக்களைத் தம்முடன் அருகிலிருந்த விடுதிக்கு வருமாறு அழைத்துச் சென்றுவிட்டார்.

அதன் பின்னர்க் கதவுகள் சிறிது சிறிதாகத் திறந்தன. ஆட்டக்காரரைக் காண மக்கள் பல்லாயிரவராகத் திரண்டனர். 1925ஆம் ஆண்டில் கூட்டத்தை அடக்க இயலாமையால், பந்தயம் பிறந்த பிரெஸ்ட்விக் களத்தில் பின்னர் அஃது என்றும் நடைபெறவில்லை. 1926ஆம் ஆண்டு முதல் காண்போரிடம் நுழைவுக் கட்டணம் பெறலாயினர். எவருடைய ஆட்டத்தைக் காண ஊரே பணம் கொடுத்து வருகின்றதோ அவரை வாயிலில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்? 1957ஆம் ஆண்டில் ராயல் நார்த் டெவன் கழகத்தார் தம் தலைவர் பதவியை டெய்லருக்கு அளித்தனர். கோல் சுமந்த சிறுவன், எண்பத்தாறாம் வயதில் அக்கழகத்துக்கே தலைவரானார்.

எனினும் உலகில் எல்லாக் கதவுகளும் அன்று திறந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழ்ந்த இந்திய வழியினர் பாப்வா செவ்கோலம். அவரும் கோல் சுமந்து ஆட்டம் கற்றவர். பிறர்போலன்றி இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்துக் கோலைப் பற்றுபவர். 1963ஆம் ஆண்டில் அந்நாட்டு நேட்டால் பந்தயத்தில் வெள்ளையரை வென்று முதலிடம் பெற்றார். நிறவேற்றுமைச் சட்டங்கள் ஆண்ட காலம் அது. வெள்ளையர் மாளிகையினுள் இருக்க, வென்ற அவர் வெளியே மழையில் நின்று பரிசு பெற்றார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் லிதம் களத்தில் நடந்த ஓப்பன் பந்தயத்தில் அவர் ஆடிப் பதின்மூன்றாம் இடத்தைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார். 1965ஆம் ஆண்டில் நேட்டால் பந்தயத்தை மீண்டும் வென்றார். பின்னர் அந்நாட்டு அரசு வெள்ளையர் பந்தயங்களில் அவர் ஆடுவதற்கே தடை விதித்தது. திறமையைத் தோற்கடிக்க இயலாதபோது அதனைக் களத்துக்கே வராமல் தடுப்பது அநீதியின் இயல்பு.

1871ஆம் ஆண்டிலும், இரு உலகப் போர்களையொட்டியும், கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டிலும் தடைப்பட்டதன்றி, ஓப்பன் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெற்று வந்துள்ளது. 1920ஆம் ஆண்டு முதல் அதனை நடத்தும் பொறுப்பைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகத்தார் ஏற்றனர். அக்கழகமும் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்து, 2014ஆம் ஆண்டிலேதான் பெண்டிரை உறுப்பினராகச் சேர்க்க இசைந்தது. 2016ஆம் ஆண்டில் மியூர்ஃபீல்டு கழகத்தார் பெண்டிரைச் சேர்க்க மறுத்தபோது, இனி அக்களத்தில் ஓப்பன் பந்தயம் நிகழாது என்று நடத்துவோர் அறிவித்தனர். மறு ஆண்டே அக்கழகத்தார் தம் முடிவை மாற்றிக்கொண்டனர். 2022ஆம் ஆண்டில் பெண்டிர்க்கான ஓப்பன் பந்தயம் அம்மியூர்ஃபீல்டிலேயே நடந்தது. அதே ஆண்டில் 150ஆம் ஓப்பன் பந்தயம் செயின்ட் ஆண்ட்ரூஸில் நிகழ்ந்தது. 2023ஆம் ஆண்டில் இந்தியரான சுபங்கர் சர்மா ஹாய்லேக் என்னும் களத்தில் எட்டாம் இடத்தைப் பிறருடன் பகிர்ந்து பெற்றார்.

வெள்ளிக் கலத்தில் ஆண்டுதோறும் ஒரு பெயர் ஏறுகின்றது. அப்பெயர்களுட் பல, ஏழைத் தொழிலாளரின் மக்களுடையவை. அக்கலத்தில் 'திரு' என்னும் அடைமொழிக்கு மதிப்பில்லை. அடிகளின் எண்ணிக்கைக்கே மதிப்பு. உலகத்தார் அனைவர்க்கும் திறந்தது என்று எழுதுதற்கு 1861ஆம் ஆண்டில் ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அவ்வெழுத்தை மெய்யாக்குதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. டெய்லரின் பொறுமையும், ஹேகனின் துணிவும், மழையில் நின்ற செவ்கோலத்தின் திறமையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் தட்டின. திறமைக்குப் பிறப்பும் நிறமும் செல்வமும் வாயில்கள் ஆகா என்பதே இப்பந்தயத்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.